‘ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது!’

நம் ஊரில் ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு நாலு வீடு ஏறி இறங்கினால் போதும், அதன் இரண்டு கையிலும் ஏதாவது தின்பண்டம் இருக்கும். பிஸ்கட், முறுக்கு, ஒரு துண்டு கேக். வேண்டாம் என்றால், “ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது” என்று வாயிலேயே ஊட்டிவிடுவார்கள். நானும் அந்த அன்பில் வளர்ந்தவள்தான். ஆனால், என் மகளுக்கு அந்த ஒரு வாய் ஆகாது.

இனியாவுக்கு இப்போது ஐந்தரை வயது. மூன்றரை வயதில் அவளுக்கு சீலியாக் நோய் இருப்பது தெரிந்தது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால், அவள் உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தி அவளுடைய சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலின் உள்ளே விரல் விரலாக இருக்கும் நுண்ணிய அமைப்புகள் தட்டையாகிவிடும். அப்புறம் எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது.

எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கும். கை, கால் குச்சி. மூன்றரை வயதில் 11 கிலோ. வாரத்தில் பாதி நாள் வயிற்றுப்போக்கு. எப்போதும் சிடுசிடுப்பு. பூச்சி மருந்து கொடுத்தோம், டானிக் கொடுத்தோம், திருஷ்டியும் சுற்றிப் போட்டோம். திருச்சியில் நாங்கள் பார்த்த மூன்றாவது மருத்துவர்தான், இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் ரத்தசோகை சரியாகவில்லையே என்று யோசித்து, ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். அடுத்து எண்டோஸ்கோப்பி. “எல்லா டெஸ்ட்டும் முடியுற வரைக்கும் கோதுமையை நிறுத்தாதீங்க. நிறுத்திட்டா ரிசல்ட் தப்பா வந்துடும்” என்று அவர் சொன்னதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். சந்தேகம் வந்ததும் தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிடும் பெற்றோர் பலர் உண்டு.

“இது வடக்கத்தி நோயாச்சே, நமக்கு எப்படி?” என்று உறவினர்கள் கேட்டார்கள். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. இந்தியாவின் பல பகுதிகளில் நடத்தி 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், வடக்கே 1,000 பேரில் சுமார் 12 பேருக்கும், தெற்கே 1,000 பேரில் ஒருவருக்கும் இந்த நோய் இருந்தது. ஆனால், இதற்கு இடம் கொடுக்கும் மரபணு எல்லாப் பகுதியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தது. பெரிய வித்தியாசம் சாப்பாட்டில். வடக்கே ஒருவர் ஒரு நாளில் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டிருக்கிறார். தெற்கே 25 கிராம். இன்று நம் பிள்ளைகள் காலையில் பிரெட், பள்ளியில் நூடுல்ஸ், சாயங்காலம் பிஸ்கட், ராத்திரி சப்பாத்தி என்று சாப்பிடுகிறார்கள். அந்த 25 கிராம் காலம் போய்க்கொண்டிருக்கிறது.

இதற்கு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. வாழ்நாள் முழுக்க குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் மருந்து. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே இதற்குக் காரணம் கோதுமைதான் என்று சந்தேகப்பட்டவர். 1944-45 குளிர்காலத்தில் அங்கே கடும் பஞ்சம், ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரே வாடிய அந்த நாட்களில், இந்த நோய் இருந்த குழந்தைகள் தேறினார்கள். 1950-ல் அவர் இதைத் தன் ஆய்வேட்டில் பதிவு செய்தார். இந்தக் கதையை என் மாமனாரிடம் சொன்னபோதுதான், “அப்ப டாக்டர் சும்மா சொல்லலை” என்று அவர் ஒப்புக்கொண்டார்.

பெருங்காயத்தில் கோதுமை!

முதல் நாள் எனக்குப் பெரிய நிம்மதி. நம் சமையலில் பாதிக்கு மேல் அரிசிதானே? இட்லி, தோசை, இடியாப்பம், பொங்கல், புட்டு, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் என எதிலும் குளூட்டன் இல்லை. உளுந்து, பயறு, காய், பழம், பால், முட்டை, மீன் எல்லாம் சாப்பிடலாம்.

உணவு ஆலோசகர் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார். முதல் வரியில் மைதா, ரவை, சேமியா, சம்பா கோதுமை ரவை. அது தெரிந்ததுதான். இரண்டாவது வரியில் பெருங்காயம்! கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில், பல பிராண்டுகள் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கின்றன. சாம்பார், ரசம், ஊறுகாய், இட்லிப்பொடி, மோர், முறுக்கு என்று பெருங்காயம் எங்கே இல்லை? இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயமாகத் தேடி வாங்குகிறோம். கிடைக்காத மாதம் பூண்டும் சீரகமும் போதும்.

மால்ட் சேர்த்த சத்து பானங்களில் பார்லி உண்டு. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. பாக்கெட்டின் முன்பக்கம் ‘கேழ்வரகு சேமியா’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சிலவற்றின் பின்பக்கம் திருப்பினால், சேர்க்கப்பட்ட பொருட்களில் கோதுமையும் இருக்கும். ஓட்ஸில் இயல்பாகக் கோதுமை இல்லைதான். ஆனால் வயலிலும் ஆலையிலும் கலந்துவிடுவதால் சாதாரண ஓட்ஸும் வேண்டாம் என்றார்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. எனவே முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்கிறேன்.

அடுத்தது மாவு மில். நம் கேழ்வரகுக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருப்பார்கள். கல்லில் தங்கிய மாவு நம் தூக்குவாளிக்கு வந்துவிடும். அதனால் வீட்டுக்கே சின்னதாக ஒரு அரவை மெஷின் வாங்கினோம். முறுக்கு மாவு, புட்டு மாவு எல்லாம் அதில்தான்.

என் மாமனாருக்கு சர்க்கரை. ராத்திரி அவருக்கு இரண்டு சப்பாத்தி வேண்டும். பேத்திக்காக அவரைப் பட்டினி போட முடியுமா? அதனால் வீட்டில் இரண்டு கல், இரண்டு சல்லடை, இரண்டு கரண்டி செட். இனியாவின் பாத்திரங்களுக்கு சிவப்பு பெயின்ட்டில் ஒரு பொட்டு. முதலில் அவளுடைய தோசை, கடைசியில் தாத்தாவின் சப்பாத்தி. பூரி பொரித்த எண்ணெயில் அவளுக்கு அப்பளம் கிடையாது. மாவு பிசைந்த மேடையைத் துடைத்த துணியை அவள் தட்டுக்குப் பயன்படுத்துவது கிடையாது. இரண்டே வாரத்தில் கைக்குப் பழகிவிட்டது.

புரட்டாசி சனிக்கிழமை மாதிரி

பழகாதது மனிதர்கள்தான்.

‘குளூட்டன்’ என்றால் யாருக்கும் புரிவதில்லை. ‘அலர்ஜி’ என்றால், “எங்க பையனுக்கும் கத்தரிக்காய் அலர்ஜிதான், சாப்பிட்டுச் சாப்பிட்டுச் சரியாப்போச்சு” என்கிறார்கள். போன வருடம் ஒரு காதுகுத்து விழாவில், நான் கை கழுவப் போன நேரத்தில் உறவுக்காரர் ஒருவர் அவளுக்கு அரை பன் ஊட்டிவிட்டார். “ஏங்கிப்போய்ப் பார்த்துச்சு, பாவமா இருந்துச்சு” என்றார். அன்று ராத்திரி நான்கு முறை வாந்தி. மறுநாள் எழுந்து உட்காரக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அடுத்த பரிசோதனையில், இறங்கிக்கொண்டிருந்த ரத்த அளவு மறுபடி ஏறியிருந்தது.

கணக்கு தெரிந்தால் அவர்கள் ஊட்ட மாட்டார்கள். ஒரு பிரெட் துண்டில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். சீலியாக் உள்ளவர்களுக்கு தினமும் வெறும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஓர் இத்தாலிய ஆய்வு 2007-ல் வெளியானது. அதற்கே குடல் பாதிக்கப்பட்டது. அதாவது, ஒரு பிரெட் துண்டை 40 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு.

ஆனால், விசேஷ வீட்டில் நின்று இத்தாலியைப் பற்றி யாரிடம் பேசுவது? வழி கண்டுபிடித்தவர் என் மாமியார்.

பாத்திரத்தை எதற்காகத் தனியாக வைக்க வேண்டும் என்று கேட்ட என் நாத்தனாரிடம் அவர் சொன்னார்: “ஏன்டி, புரட்டாசி சனிக்கிழமை மீன் குழம்புக் கரண்டியை எடுத்து சாம்பார்ல விடுவியா? கழுவித்தானே வச்சிருக்குன்னு விடுவியா? மாட்டேல்ல. பாப்பாவுக்கு வருஷம் முழுக்க புரட்டாசி. கோதுமைதான் கவுச்சி. அவ்வளவுதான்.”

நாத்தனாருக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. நான் ஆறு மாதமாகச் சொல்லியும் ஏறாத விஷயம்! தனிக் கரண்டி, தனி எண்ணெய், பட்டுவிட்டால் ஒதுக்கிவைப்பது என எல்லாம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் பழக்கங்கள்தான். விரதத்துக்குச் செய்வதை ஒரு குழந்தையின் குடலுக்காகச் செய்யச் சொல்கிறோம். அன்றிலிருந்து யாரிடமும் நான் நோயின் பெயரில் ஆரம்பிப்பதில்லை. புரட்டாசியில்தான் ஆரம்பிக்கிறேன்.

எதிர்வீட்டு அக்காவிடம் அதுவும் தேவைப்படவில்லை. “ஹராம் மாதிரின்னு வச்சுக்கோ, தெரியாத இடத்துல வாங்கித் திங்கக் கூடாது, அதானே?” என்று அவரே சொல்லிவிட்டார். ரமலான் மாதத்தில் அவர் வீட்டு நோன்புக் கஞ்சியில் என்னென்ன போட்டார் என்பது ஒவ்வொன்றாக வாட்ஸ்அப்பில் வந்த பிறகுதான், கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரும்.

கல்யாண வீடு, கோயில், ஹோட்டல்

வெளியே போகும் நாளில் வீட்டிலேயே வயிறு நிறையக் கொடுத்துவிடுவேன். பசியோடு இருக்கும் குழந்தையால் மறுக்க முடியாது. பையில் அவளுடைய சாப்பாடு, தட்டு, ஸ்பூன், இரண்டு மலைப்பழம், கடலை மிட்டாய் எப்போதும் இருக்கும்.

பந்தியில் பரிமாறுகிறவர்களிடம் கேட்டுப் பயனில்லை. நேரே சமையல் மாஸ்டரிடம் போய்விடுவேன். “குளூட்டன் இருக்கா?” என்று கேட்டால் “அதெல்லாம் நாங்க போடுறதில்லைம்மா” என்பார். “பெருங்காயம் எந்தக் கம்பெனி? வடை பொரிச்ச எண்ணெயில பூரி போட்டீங்களா? கூட்டுல கெட்டியா வர மைதா கரைச்சு ஊத்துனீங்களா?” என்று கேட்டால் சரியான பதில் வரும். சந்தேகமாக இருந்தால், இலையில் சோறு, தயிர், வாழைப்பழம், அதோடு வீட்டிலிருந்து கொண்டுபோன பொரியல். எல்லாரோடும் இலை போட்டு உட்கார்ந்துவிட்டால் அவளுக்குப் போதும். இலையில் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது.

ஹோட்டலில் தோசையைவிட இட்லி மேல். ரவா தோசையும் கோதுமை தோசையும் ஊற்றும் அதே கல்லில்தான் சாதா தோசையும் வார்ப்பார்கள். இட்லிக்கு நாங்கள் கொண்டுபோகும் பொடியும் நல்லெண்ணெயும் துணை. சில்லி சிக்கன், ஃப்ரைடு ரைஸ் பக்கம் போவதில்லை.

கோயில் பிரசாதத்துக்கு அவளுடைய அப்பாயி வைத்த வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எந்தப் பிரசாதத்தையும் இனியா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பிறகு அப்பாவிடம் கொடுத்துவிட்டு, குழாயடியில் கை கழுவுவாள். சாமிக்கும் மரியாதை, கொடுத்தவருக்கும் மரியாதை. சர்க்கரைப் பொங்கலாக இருந்து, என்ன போட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் அது அவளுக்கே.

டீச்சர் மேஜையில் ஒரு டப்பா

பள்ளியில் சேர்த்தபோது, டாக்டர் கடிதத்தோடு ஒரு பக்கத் தாளும் கொடுத்தேன். என்ன கூடாது, தவறிச் சாப்பிட்டால் என்ன ஆகும், யாருக்கு போன் செய்ய வேண்டும் என்பது மட்டும். ஒரு டப்பாவும் கொடுத்தேன். அதில் எள்ளுருண்டை, கடலை மிட்டாய், பின்பக்கம் படித்து வாங்கிய சாக்லேட். வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால், கேக்குக்கு பதில் அவள் அந்த டப்பாவில் இருந்து ஒன்றை எடுத்துக்கொள்வாள். மாதம் ஒருமுறை நிரப்பிவிடுவேன்.

நாங்கள் சாப்பாட்டை மட்டும் யோசித்திருந்தோம். டீச்சர்தான், “கலர் களிமண்ல பொம்மை செய்யுறோமே, அது மைதாவுல பண்ணதாம்மா?” என்று கேட்டார். விளையாட்டு மாவு பலதும் கோதுமை மாவில் செய்ததுதான். சின்னப் பிள்ளைகளின் கை வாய்க்குப் போக எவ்வளவு நேரமாகும்? இப்போது அரிசி மாவில் நானே பிசைந்து, பீட்ரூட் சாறும் மஞ்சளும் கலந்து, மொத்த வகுப்புக்கும் கொடுத்தனுப்புகிறேன்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: காலை உணவுத் திட்டத்தில் ரவை, சேமியா, கோதுமை ரவை உப்புமா போடும் நாட்கள் உண்டு. தலைமை ஆசிரியரிடம் கடிதம் கொடுத்துவிட்டு, அந்த நாட்களில் வீட்டுச் சாப்பாடு கொடுத்தனுப்புங்கள். பொங்கல் போடும் நாளிலும் பெருங்காயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்கப் பழகியவள்

எத்தனை டப்பா கொடுத்தாலும், எத்தனை பேரிடம் சொன்னாலும், எல்லா இடத்திலும் நான் கூட இருக்க முடியாது. கடைசியில் மறுக்க வேண்டியவள் அவள்தான். ஆனால் மூன்றரை வயதுக் குழந்தையை பயமுறுத்தவும் எனக்கு மனமில்லை. சாப்பாடு என்றாலே விஷம் என்று அவள் நினைத்துவிடக் கூடாது.

சொப்பு சாமான் விளையாட்டுதான் உதவியது. நான் கடைக்காரர், அவள் வாங்க வந்தவள். “பாப்பா, சூடா பஜ்ஜி இருக்கு, சாப்பிடுறியா?” என்பேன். “இதுல கோதுமை இருக்கா? இந்த எண்ணெயில பூரி சுட்டீங்களா?” என்று கேட்பாள். நான் விடாமல் “ஒரு வாய்தான் பாப்பா” என்பேன். “எனக்கு ஒத்துக்காது. தேங்க்ஸ்” என்பாள். அவள் தம்பி வாடிக்கையாளராக வரும்போது மட்டும் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வான். கூடப் பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் அவனுக்கும் ரத்தம் பார்த்தோம், இப்போதைக்கு இல்லை.

‘எனக்கு நோய்’ என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ‘எனக்கு ஒத்துக்காது’ என்றுதான் சொல்வாள். அதுவே போதுமான காரணம் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். ஒருநாள் பேக்கரி வாசலில் சூடான பப்ஸ் வாசனையில் நின்றுவிட்டாள். “அம்மா, எனக்கு எப்ப சரியாகும்?” என்றாள். பெரியவளானதும் சரியாகிவிடும் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. “உனக்கு இப்பவே சரியாத்தான் இருக்கு. கோதுமை சாப்பிடாத வரைக்கும் சரியாவே இருக்கும்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்ப பப்ஸ் எப்பவுமே இல்லையா?” என்றாள். “கோதுமையில செஞ்ச பப்ஸ் இல்லை” என்றேன். வீடு வரும் வரை இருவரும் பேசவில்லை. நான் சமாதானம் சொல்லவும் இல்லை; அந்த ஏக்கத்துக்கு அவளுக்கு உரிமை உண்டு.

ஒரு வருடத்தில் 11 கிலோ பதினான்கரை ஆனது. வயிறு வற்றியது, கன்னம் வந்தது. முக்கியமாக, சிரிப்பு வந்தது. அந்தக் காதுகுத்துக்குப் பிறகு ஏறிய ரத்த அளவும் இறங்கிவிட்டது. டாக்டர் இனி வருடம் ஒருமுறை வந்தால் போதும் என்றிருக்கிறார்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு குழந்தை வந்தால், தனியாக எதுவும் சமைக்க வேண்டாம். அம்மாவிடம் “என்ன கொடுக்கலாம்?” என்று கேளுங்கள். பாக்கெட்டைக் குப்பையில் போடாமல் எடுத்துக் காட்டுங்கள். எதுவுமே தோன்றாவிட்டால், ஒரு வாழைப்பழம் கொடுங்கள். அது தோலோடு வருகிறது. குழந்தை வேண்டாம் என்று சொன்னால், ஒரே தடவையில் விட்டுவிடுங்கள்.

அடுத்த மாதம் இனியாவுக்குப் பிறந்தநாள். வகுப்பில் எல்லாருக்கும் வாழைப்பழமும் வெல்லமும் போட்ட கேழ்வரகு கேக்தான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். அன்று மட்டும் டீச்சர் மேஜையில் இருக்கும் டப்பாவைத் திறக்க வேண்டாமாம். முப்பத்திரண்டு பிள்ளைகள். போன வாரமே கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து, எங்கள் மெஷினில் அரைக்க ஆரம்பித்துவிட்டார் அவளுடைய அப்பாயி.